அப்பா ட்ரிகர் மாற்றிய கோடை

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "அக்கா ரீல் விடுறாங்கடி" என்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். என்னோடு எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள் நீங்கள். அந்தத் துப்பாக்கியை ஒரு தடவை தொட்டுப் பார்க்க எனக்குக் கொடுக்காப்புளியும் வேர்க்கடலையும் லஞ்சம் கொடுத்தவர்கள். வாங்கித் தின்றுவிட்டு நான் காட்டாமல் ஏமாற்றினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காட்டியிருந்தால் அப்பா என் தோலை உரித்திருப்பார்.

ஐம்பதைத் தாண்டிவிட்டோம். நாம் கூடினால் பேச்செல்லாம் மாத்திரை, முட்டிவலி, மருமகள் என்றுதான் ஓடுகிறது. எனக்கு ஒரு மாத்திரையும் கிடையாது, கல்லைத் தின்றாலும் கரையும் என்று உங்களிடமெல்லாம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன்! போன மாதம் கம்பெனியில் சின்னதாக ஒன்று நடந்தது. அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கியும் அந்த முழுப் பரீட்சை லீவும் என்னை விட்டு நகரவில்லை. கம்பெனி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் துப்பாக்கி.

அது பட்டாளத்தில் ஓய்வு கொடுத்த பழைய துப்பாக்கி. அப்பா பட்டாளத்தில் இருந்தபோது அவருக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவர், வெளியாட்கள் வைத்துக்கொள்ளத் தோதாகக் குழலை மட்டும் மாற்றி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். அவருக்கு வயதானதும் முறைப்படி எழுதி அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். நிறுத்தி வைத்தால் என் கழுத்துக்கு வரும். கட்டையில் ஒரு இடம் மட்டும், யார் யாரோ கன்னம் வைத்து வைத்து, வழவழவென்று இருக்கும். போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் நாலு சத்தம் வரும். நாலும் வேறு வேறு சத்தம். கிட்டத்தில் போனால் இரும்பும் எண்ணெயும் பழைய வியர்வையும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். எனக்கு அது அப்பாவின் வாசம்.

அப்போது நம் பக்கம் கம்பெனி என்றால் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரகடத்தில் இன்றைக்கு மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அங்கே அன்றைக்கு ஒரு டீக்கடையும் இரண்டு புளியமரமும்தான். ஊர் போச்சே, ஏரி போச்சே என்று மாரடித்துக்கொள்கிற ஆள் இல்லை நான். கம்பெனி வந்துதான் நான் சோறு தின்றேன். சும்மா, இடம் தெரியட்டும் என்று சொன்னேன்.

அந்தச் சில கம்பெனிகளில் ஒன்றில் அப்பா கன்மேன். கன்மேன் வேலையில் ஒரு விஷயம் உண்டு. கம்பெனி துப்பாக்கி கொடுக்காது. உன் துப்பாக்கி, உன் லைசென்ஸ், இரண்டோடும் போய் நின்றால்தான் வேலை. அதனால் எங்கள் வீட்டில் துப்பாக்கிக்குத்தான் முதல் மரியாதை. மழையில் கூரை ஒழுகினால் முதலில் துப்பாக்கியை நகர்த்துவோம், அப்புறம் அரிசிப் பானை, அதற்கு அப்புறம்தான் நான்.

ஆயுத பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். அம்மா பழைய சேலையைக் கிழித்து, நல்லெண்ணெயில் தோய்த்து, குழலிலிருந்து கட்டை வரைக்கும் வழித்து வழித்துத் துடைப்பாள். அப்புறம் சந்தனம், குங்குமம். ட்ரிகரைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு இரும்பு இருக்குமே, அதற்குக் கூட மூன்று பொட்டு. அப்பா பட்டாளத்து ஆள், அதற்கென்று தனி எண்ணெய் உண்டு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஒருநாள் அம்மா கையில் கொடுத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தேர்தல் தள்ளிப்போனது, அப்புறம் ரசீது எங்கோ காணாமல் போனது, அதைத் தேடினார்கள். துப்பாக்கி திரும்பி வருவதற்கு மாசி மாதம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அப்பா கம்பெனி கேட்டில் வெறும் தடியோடு நின்றார். பழைய செக்யூரிட்டி ஆபீசர் நல்ல மனுஷர், பொறுத்துக்கொண்டார்.

சித்திரையில் புதிய செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். ரிட்டயர்டு மேஜர். மீசையைப் பார்த்தாலே நமக்கு முதுகு நிமிரும். வந்த வாரமே, "துப்பாக்கி வச்சிருந்தா போதாது, சுடத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் சொல்லி வைத்து, வற்றிய ஏரிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா ஏரிக்கரையைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினார். முழுசாகத் தூக்குவதற்கு முன்னாலேயே அது வெடித்துவிட்டது. குண்டு பத்தடி தள்ளி மண்ணில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து நின்ற கோலம் கண்ணிலேயே இருக்கிறது. சட்டை பூராவும் வியர்வை. துப்பாக்கியைப் பாயில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏமே, எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன், நல்லெண்ணெய ஊத்தாத, ஊத்தாதன்னு? ஸ்டேஷன்ல நாலு மாசம் சும்மா கெடந்ததுல உள்ளாற அது காஞ்சி பிசினாயிடுச்சி. ட்ரிகர் நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. நான் அழுத்தவே இல்ல, அதும்பாட்டுக்கு வெடிக்குது!"

உண்மையைச் சொன்னால், ஊத்தாதே என்று அவர் ஒரு வாட்டி கூடச் சொன்னதில்லை. என் அம்மாவைத் தெரியும் உங்களுக்கு. குழாயடியில் அவள் குரல் வந்தால் நாய் கூட ஒதுங்கிப் போகும். அப்பா ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுவாள். அன்றைக்கு அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆமாய்யா, எம்மேலதான் தப்பு. வேற மாத்திக்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அதிசயமாகப் போய்விட்டது. அம்மா தோற்றுப்போய் நான் பார்த்ததே இல்லை. கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின வாரம்தான் என்னைத் துடைப்பத்தால் அடித்திருந்தாள்.

ஆபீசர் சொல்லி அனுப்பியது இதுதான். மாதக் கடைசிக்குள் ட்ரிகரைச் சரி செய்துகொண்டு வரவேண்டும். ஏரிக்கரையில் ஒரு தார் டின் மூடியை வைப்பார்கள். ஐந்து தோட்டாவில் மூன்று தோட்டாவாவது மூடியில் பட வேண்டும். படவில்லையென்றால் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போய்விடலாம். அப்பாவுக்கு அந்த வேலையை விட்டால் கல் குவாரிதான். நான் எட்டாவதோடு நிற்க வேண்டியதுதான். இதை யாரும் என்னிடம் உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த லீவில் என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போடலாமா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டபோது, "கொஞ்சம் இருடி, பாத்துக்கலாம்" என்றாள்.

நடுவில் ஒரு வேடிக்கை. ஒருநாள் அப்பா வேலையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். இடது காலில் செருப்பு இல்லை. கொளுத்துகிற கத்திரி வெயில், தார் உருகிக் கிடக்கிறது, மனிதர் ஒன்றும் தெரியாமல் நடந்து வந்திருக்கிறார். "எங்கப்பா இன்னொன்னு?" என்று கேட்டதும் குனிந்து பார்த்து, தானே சிரித்துவிட்டார். "நெனப்பெல்லாம் ட்ரிகர் மேல கீது" என்றார். நான் தேடிக்கொண்டு ஓடினேன். வல்லக்கோட்டைப் பாதையில் முக்கால் மைல் தள்ளி, நடு ரோட்டில் கிடந்தது. உங்களில் இரண்டு பேர் கூட வந்தீர்கள். அந்தச் செருப்பைக் குச்சியில் மாட்டி, கொடி மாதிரி பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே வந்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ட்ரிகர் வாங்கப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். துப்பாக்கிக் கடை அங்கேதான். லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டாமல் ஒரு ஸ்க்ரூ கூடத் தரமாட்டார்கள். அப்பா துப்பாக்கியைக் கித்தான் உறையில் போட்டு, ஸ்டேஷனில் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிப் போனார். ஏன் என்னை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பட்டணம் போகிறோம், ரோஸ்மில்க் குடிக்கலாம், அவ்வளவுதான் எனக்கு. உண்மையில் அம்மாதான் அனுப்பினாள். "பொண்ண இஸ்துகினு போ. அது சும்மாதானே சுத்திகினு கீது."

கடையின் பின்கட்டில் துப்பாக்கி பழுது பார்க்கிற மிஸ்திரி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கண்ணில் பூதக்கண்ணாடி, மடியில் பச்சைத் துணி. அப்பா தோட்டா இல்லை என்று போல்ட்டைத் திறந்து காட்டிக் கொடுத்தார். மிஸ்திரி துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, "நல்லெண்ணெயா, ஹவில்தார் சாப்?" என்று சிரித்தார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னது சரியாகப் போயிற்றே!

மிஸ்திரி நிதானமாகப் பிரித்தார். ட்ரிகரை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் போட்டு அலசித் துடைத்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். திரும்ப மாட்டி, தானே இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் பிசுக்கு இருந்திச்சி, போயிடிச்சி. இதுல கோளாறு ஒண்ணும் இல்லியே சாப். நல்லாத்தான் நிக்குது" என்றார்.

அப்பா வாங்கி அழுத்தினார். க்ளிக். "நிக்கல பாய்."

"இன்னொரு வாட்டி."

க்ளிக். "நிக்கல. எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் இந்த மாதிரி ட்ரிகர அழுத்திக்கீறேன். மொதல்ல லேசா வரணும், அப்பால ஒரு எடத்துல நிக்கணும், அப்பாலதான் வெடிக்கணும். இது ஒரேயடியா போவுது."

மிஸ்திரி வாதாடவில்லை. மேஜையில் பச்சைத் துணியை விரித்து, மூன்று ட்ரிகரை வரிசையாக வைத்தார். ஒன்று புத்தம் புதுசு, பளபளவென்று, வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்தது. இன்னொன்று உடைந்துபோன பட்டாளத்துத் துப்பாக்கியிலிருந்து கழற்றினது, கறுத்து, மூலையில் ஏதோ நம்பர் அடித்தது. மூன்றாவது, பழைய மாடல், தடித்தது. அதை மாட்டினால் அழுத்துவதற்கு ரொம்பக் கெட்டியாக இருக்கும், யாரும் வாங்குவதில்லை என்று அவரே சொன்னார்.

ஒவ்வொன்றாக மாட்டி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அழுத்தினார். புதுசை அழுத்தி உதட்டைப் பிதுக்கினார். பட்டாளத்து ட்ரிகரை அழுத்தி, "இதுவும் நிக்கல" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "தே, வா இங்க. கண்ண மூடிக்கினு நீ அழுத்து. எங்கன்னா நிக்குதான்னு சொல்லு."

அப்பாவின் துப்பாக்கியில் நான் விரல் வைத்தது அன்றுதான் முதல். கட்டையை அவர் பிடித்துக்கொண்டார். பட்டாளத்து ட்ரிகரை அழுத்தினேன். மெதுவாக வந்தது, வந்தது, சட்டென்று சுவர் மாதிரி ஒரு இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் க்ளிக். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. "நிக்குதுப்பா! சூப்பரா நிக்குது!" என்றேன்.

மிஸ்திரி, எங்கள் பழைய ட்ரிகரையே திரும்ப மாட்டி, என் பக்கம் நீட்டினார். அழுத்தினேன். அதே மாதிரிதான் வந்தது. அதே இடத்தில்தான் நின்றது.

"நம்மளதும் நிக்குதுப்பா. ரெண்டும் ஒண்ணுதான்."

"உனக்கு இன்னா தெரியும்?" என்று அப்பா கத்தினார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டதைத்தானே சொன்னேன்? ரோஸ்மில்க் இனி கிடையாது என்று புரிந்தது.

மிஸ்திரி அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஆட்காட்டி விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு கொப்புளம் இருந்தது. பீடிச் சூடோ, டீ டம்ளரோ. "வலிக்கலியா?" என்றார். "பட்டாளத்துக் கை பாய், இதெல்லாம் தெரியாது" என்றார் அப்பா. மிஸ்திரி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கெட்டி ட்ரிகரை எடுத்து, அதன் முகத்தில் அரத்தால் குறுக்கே குறுக்கே கோடு போட்டார். "இத்தெ வச்சிக்குங்க. அழுத்துறது கையில தெரியும்" என்றார்.

அப்பா அழுத்தினார். ரொம்ப நேரம் கழித்து, பல்லைக் கடித்த பிறகு, க்ளாக் என்றது. "ஆங்! இதுதான். இதுதான் தெரியுது" என்றார். யாரும் வாங்காத ட்ரிகரை நாங்கள் வாங்கினோம். பழையதைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். எனக்கு ரோஸ்மில்க்கும் கிடைத்தது.

மறுநாளிலிருந்து வீட்டில் பயிற்சி. தோட்டா கிடையாது, வெறும் துப்பாக்கிதான். அப்பா குப்புறப் படுத்துக்கொள்வார். குழலின் முனையில் நான் ஒரு சதுர ஐந்து பைசாவை நிற்கவைக்க வேண்டும். ட்ரிகரை அழுத்தும்போது காசு விழாமல் இருந்தால் கை ஆடவில்லை என்று அர்த்தம். பட்டாளத்தில் இப்படித்தான் பழக்குவார்களாம். காசை வைப்பேன். அப்பா மூச்சைப் பிடிப்பார். கெட்டி ட்ரிகரை இழுக்க இழுக்கக் குழல் நடுங்கும். காசு விழும். தரையில் கிணிங்கென்று ஒரு சத்தம். மறுபடி வைப்பேன். மூன்று நாள் அந்தக் கிணிங் சத்தம்தான் எங்கள் வீட்டில்.

நாலாம் நாள் அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"வெரல் நுனியால ஏன் இழுக்குற? அது வழுக்குது. கொஞ்சம் உள்ளாற தள்ளி, கணுவுல மாட்டி இழுத்துப் பாரேன்."

"உனக்கு இன்னாமே தெரியும் துப்பாக்கியப் பத்தி? கெடுக்கத்தான் தெரியும்."

"ஆமா, எனக்குக் கெடுக்கத்தான் தெரியும்" என்றாள் அம்மா. மறுபடியும் புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்பா தரையில் கிடந்த காசை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு அம்மா பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விரலை உள்ளே தள்ளினார், இரண்டாவது மடிப்பு வரைக்கும். நான் காசை வைத்தேன். க்ளாக். காசு அப்படியே நின்றது. இன்னொரு தடவை. நின்றது. அப்பா எழுந்து உட்கார்ந்து என்னைத் தூக்கிச் சுற்றினார், பதின்மூன்று வயதுக் கழுதையை! "பாத்தியா, ட்ரிகரு செட் ஆயிடுச்சி! நான் சொன்னேன் இல்ல, ட்ரிகருதான்னு!" அம்மா முறத்தைத் தட்டினாள். உமி பறந்தது.

மாதக் கடைசியில் ஏரிக்கு ஊரே போனது. அம்மா மட்டும் வரவில்லை, நீங்கள் வந்தீர்கள். பனைமரத்துக்குப் பின்னால் நின்று நாம் காதைப் பொத்திக்கொண்டோம். முதல் குண்டு கரையில் புழுதி கிளப்பியது. இரண்டாவது டங்கென்று மூடியில் பட்டது. மூன்றாவதும் பட்டது. நாலாவது எங்கே போனது என்று தெரியவில்லை. ஐந்தாவதற்கு அப்பா எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதற்குள் நான் வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை, காவடி, மண்சோறு, எல்லாம் வேண்டிக்கொண்டுவிட்டேன். டங். ஆபீசர் மீசையைத் தடவிக்கொண்டு, "குட்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கு அன்று சாயந்தரமே அட்டை போட்டேன்.

அடுத்த கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனோம். அப்பா என்னிடமிருந்த பழைய ட்ரிகரைக் கேட்டு வாங்கி, காகிதத்தோடு உண்டியலில் போட்டுவிட்டார். "முருகனுக்குத்தான் வேல் கீதே, இத்த வச்சிகினு அவுரு இன்னா பண்ணுவாரு?" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், பல நாள் கழித்து. ஆனால் ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை. அப்பாவும் கொடுக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், நல்லெண்ணெய் ஊற்றி என் துப்பாக்கியைக் கெடுத்தாளே ஒருத்தி என்று அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்பா மேலும் ஏழு வருஷம் கன்மேனாக நின்றார். அதற்குப் பிறகு உள்ளங்காலில் ஆணி ஏறியது தெரியாமல் மூன்று நாள் நடந்திருக்கிறார். புண் அழுகிய பிறகுதான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரொம்ப நாளாகச் சர்க்கரை இருந்திருக்கிறது என்றார்கள். காலை எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். சர்க்கரையையும் ட்ரிகரையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. யார் யோசிப்பார்கள்?

இப்போது கம்பெனி விஷயம். எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை என்று தெரியும் உங்களுக்கு. கடைந்து வருகிற பார்ட்டின் விளிம்பை விரலால் தடவி, பிசிறு இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். பதினெட்டு வருஷம். என் விரலுக்குத் தப்பின பிசிறு கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். மூன்று மாதமாக நான் பாஸ் பண்ணின பெட்டியிலிருந்து பிசிறு பிசிறாகத் திரும்பி வந்தது. நான் சும்மா விடுவேனா? ஸ்டோரில் போய்ச் சண்டை போட்டேன். "இந்த கிளவுஸ் மட்டம். தடிமனா கீது, ஒண்ணும் தெரியல, வேற குடுங்க." மெல்லிசாக ஒன்று கொடுத்தார்கள். அதுவும் சரியில்லை என்றேன். ரப்பர் பூச்சு போட்டது கொடுத்தார்கள். அதுவும் மட்டம் என்றேன். மூன்று ஜோடியையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

பக்கத்து மேஜையில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள். மெதுவாக என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, கிளவுஸைத்தான் அப்பமே கழட்டிட்டியளே. வெறுங்கையாலதான தடவிட்டு இருக்கிய. விரல்ல ரெத்தம் வருது பாருங்க."

பார்த்தேன். பிசிறு நுனிவிரலைக் கிழித்திருந்தது. பார்ட்டு பூராவும் ரத்தம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நிமிஷம் என் மூக்கில் அந்தக் கடையின் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேனே, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேனே! அப்பா ஏன் அப்படிக் கத்தினார் என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்தது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்பதைத் தொடுகிறாள், காது மட்டும்தான் மந்தம். எதிரில் உட்கார்ந்தேன்.

"மா, அப்பா துப்பாக்கிய நீ கெடுக்கல. நல்லெண்ணெய் இல்ல. ட்ரிகர்ல ஒண்ணுமே இல்ல. அவுரு வெரல்தான் மரத்துப்போயிருந்துச்சி. அப்பவே சர்க்கர."

இத்தனை வருஷப் பழியைத் துடைத்துவிட்டேன், அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இப்பத்தான் தெரிஞ்சிதா உனக்கு?"

"உனக்கு எப்ப தெரியும்?"

"சர்க்கரன்னு எனக்கு இன்னா தெரியும்? கையி மரத்துப்போச்சின்னு தெரியும். கொதிக்கிற டம்ளர வெறுங்கையில புடிச்சிகினு நிப்பாரு. செருப்பு வுட்டுட்டு வந்தாரே, உள்ளங்காலு பூரா கொப்புளம். நீங்கல்லாம் கொடி புடிச்சிகினு வந்தீங்க."

"அப்பால ஏம்மா எம்மேலதான் தப்புன்னு சொன்ன? அந்தாளு ஊர் முச்சூடும் உன்னியே சொல்லிகினு திரிஞ்சாரே!"

"துப்பாக்கி கெட்டுப்போச்சின்னா, மாத்திக்கினு வான்னு டைம் குடுத்தாங்க. கையி கெட்டுப்போச்சின்னா யாரு குடுப்பா? அந்தாளுக்கே அது தெரிய வேணான்னுதான் இருந்தேன்." கீரையைத் தள்ளி வைத்தாள். "வாய மூடிக்கினு இருந்தேன். வேல நின்னுச்சி, நீ படிச்ச. அந்தாளு காலு போயிடுச்சி. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிருந்தா காலு இருந்திருக்கும். அத்த யாருகிட்ட போயி சொல்ல?"

அவள் என் வலது கையை இழுத்தாள். கட்டுப் போட்ட விரலை விட்டுவிட்டு, பக்கத்து விரலின் நுனியை நகத்தால் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"இல்லம்மா."

கணுவில் கிள்ளினாள். "இங்க?"

"தெரியுது."

"கம்பெனில இன்னான்னு சொல்லிக்கீற?"

"கிளவுஸ் சரியில்லன்னு."

அம்மா என் கையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அடி வாங்கினேன், அது நன்றாக வலித்தது. அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிற பெண் தலையைத் தூக்காமல், "என்ன தொந்தரவு?" என்று கேட்டாள். கிளவுஸ் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, பழக்கம். அதை விழுங்கிக்கொண்டேன்.

"வெரலும்மா" என்றேன். "என் வெரலுதான்."